நிரம்பினால் மட்டும் அனுப்பு

மண்சரிவு நடந்து ஐந்தாம் நாள்தான் அந்தப் பெட்டியை மண்ணுக்குள்ளிருந்து எடுத்தார்கள். லூர்தம்மாவின் உடல் இரண்டாம் நாளே கிடைத்துவிட்டது.

பெட்டியை வாங்கிக்கொள்ள ஷாமிளா வந்திருந்தாள். அது அவள் செய்தது. யட்டியாந்தோட்டைக்கு மேலே இருக்கும் இந்த ரப்பர் தோட்டத்தில்தான் அவள் பிறந்தாள். அப்பாவும் அம்மாவும் இன்னும் கீழ் டிவிஷனில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தில் இருக்கிறார்கள். அவள் கொழும்புப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் கணினி நினைவகங்களைப் பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்தாள்.

சாதாரணக் கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் நினைவகம், மின்சாரம் போன நொடியில் எல்லாவற்றையும் மறந்துவிடும். ஷாமிளா எடுத்துக்கொண்ட புதுவகைச் சில்லு அப்படியல்ல. மின்சாரம் இல்லாவிட்டாலும் எழுதியது எழுதியபடி இருக்கும். எழுதுவதற்கும் மிகக் கொஞ்சம் மின்சாரம் போதும். அதை வைத்துச் செய்த கருவி நூறு தடவை அணைந்தாலும், உயிர் வந்ததும் விட்ட இடத்திலிருந்தே வேலையைத் தொடரும். வருங்காலக் கணினிகளில் வேலை செய்யும் நினைவகம் வேறு, சேமித்து வைக்கும் இடம் வேறு என்று இருக்காது என்பார் அவளுடைய மேற்பார்வையாளர் கலாநிதி காமில். அதைக் காட்ட ஷாமிளா தேர்ந்தெடுத்த இடம் மேல் டிவிஷன் லயத்துக்குப் பின்னால் இருந்த சரிவு. பற்றரி இல்லை. உள்ளங்கை அளவு சூரியத் தகடு ஒன்று, அது தரும் மின்சாரத்தைக் கொஞ்ச நேரம் பிடித்துவைக்கும் மின்தேக்கி ஒன்று. மண் சாய்ந்தால் கருவி அளந்து எழுதிக்கொள்ளும்; ஆபத்தான அளவானால் தொலைபேசிக்குச் செய்தி அனுப்பும்.

ஜனவரியில் பெட்டியைப் பொருத்த வந்தபோது, ரப்பர் பால் வெட்டும் ஸ்டீபனும் அவர் மனைவி லூர்தம்மாவும் லயத்தில் தாங்கள் குடியிருந்த ஓர் அறைக் காம்பராவுக்குப் பின்னால் இடம் கொடுத்தார்கள்.

"இது எங்க போனுக்குத்தான் மெசேஜ் அனுப்புமா?" என்று லூர்தம்மா கேட்டாள்.

"ஆமாக்கா. உங்களுக்கு, எனக்கு, அப்புறம் ஆபீஸ் ஐயாவுக்கு."

"தமிழ்ல வருமா?"

"தமிழ்லதான் வரும்."

லூர்தம்மாவுக்கு அது பிடித்துப்போனது. கிராம சேவகர் அலுவலகத்திலிருந்து வரும் எச்சரிக்கையெல்லாம் சிங்களத்தில்தான் வரும். அவளுக்கு நன்றாகப் பேச வரும், வாசிக்க வராது.

ஒக்டோபரில் ஷாமிளா ஒரு மாற்றம் செய்தாள். செய்தி அனுப்புவதற்கு, அளந்து எழுதுவதைவிடப் பல நூறு மடங்கு மின்சாரம் வேண்டும். வெயில் குறைந்த நாட்களில் கருவி, தான் இயங்குவதாக ஆய்வுகூடத்துக்குச் செய்தி அனுப்பி அனுப்பியே களைத்துப்போய், பல மணி நேர அளவுகள் எழுதப்படாமல் விடுபட்டன. ஆய்வுக்கட்டுரையில் அந்த இடைவெளிகள் குறையாகத் தெரியும். அதனால் நிரலில் இரண்டு வரியை மாற்றி எழுதினாள். முதலில் அளந்து எழுது. எந்தச் செய்தியானாலும், மின்தேக்கி முழுதாக நிரம்பினால் மட்டும் அனுப்பு. கொழும்பிலிருந்தபடியே அதைக் கருவியில் ஏற்றினாள். ஆய்வுகூடத்தில் சோதித்துப் பார்த்தபோது எல்லாம் சரியாகவே நடந்தது.

நவம்பர் கடைசியில் நான்கு நாள் விடாமல் மழை. வானம் பகலிலும் இருண்டு கிடந்தது. நான்காம் நாள் காலையில் பக்கத்துக் காம்பராக்காரர்கள் பயந்து பிள்ளைகளோடு பாடசாலைக்குப் போனார்கள். லூர்தம்மாவையும் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. ஸ்டீபன் அரிசியும் மண்ணெண்ணெயும் வாங்கக் கடைவீதிக்கு இறங்கியிருந்தார். போனை அவளிடம்தான் விட்டுப் போயிருந்தார். பிற்பகல் இரண்டு முப்பத்தைந்துக்குச் சரிவு முழுதும் லயத்தின் மேல் இறங்கியது.

பெட்டியை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய்க் கழுவித் திறந்தாள் ஷாமிளா. சில்லில் எல்லாம் இருந்தது. காலை பதினொன்று பத்துக்கு மண் சாயத் தொடங்கியிருக்கிறது. பன்னிரண்டுக்கு ஆபத்தான அளவைத் தாண்டியிருக்கிறது. அதன்பிறகும் இருட்டு வானத்திலிருந்து கிடைத்த துளி மின்சாரத்தையெல்லாம் கருவி அளந்து எழுதவே செலவழித்திருக்கிறது. மின்தேக்கி ஒரு தடவைகூட நிரம்பவில்லை. செய்தி போகவேயில்லை. இரண்டு முப்பத்தைந்து வரை ஒரு அளவும் விடுபடவில்லை.

கலாநிதி காமில் அந்த அளவுகளின் வரைபடத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை விரலால் தொடர்ந்து பார்த்தார்.

"நினைவகத்தில பிழை இல்ல" என்றார்.

"இல்ல சேர். பிழை நான் எழுதின வரியில."

"எல்லா வடிவமைப்பிலயும் எதையாவது விட்டுக்கொடுக்கத்தான் வேணும், ஷாமிளா. உமக்கு எப்பிடித் தெரியும்?"

தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. அந்த லயத்தில் மழைக்காலம் எப்படி இருக்கும் என்று அந்த ஆய்வுகூடத்தில் அவளைவிட யாருக்குத் தெரியும்?

அடுத்த ஞாயிறு, வீடிழந்தவர்கள் தங்கியிருந்த பாடசாலை முகாமுக்குப் போனாள். ஸ்டீபன் வகுப்பறை ஒன்றில் பிள்ளைகள் உட்காரும் வாங்கின்மேல் உட்கார்ந்திருந்தார். அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. கருவி ஆபத்தை அளந்த மணியையும் சொன்னாள்.

"அப்ப பன்னெண்டு மணிக்கே அதுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார் ஸ்டீபன்.

"ஆமாண்ணே."

"சொல்லல."

"சொல்றத ரெண்டாவதா வச்சு எழுதினது நான்தாண்ணே. அளவு விட்டுப்போகக் கூடாதுன்னு எழுதினேன்."

அவர் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் இடுக்குகளில் காய்ந்த ரப்பர் பால் கறுத்துப்போயிருந்தது.

"நான் கடைக்குப் போகும்போது அவ கேட்டா தங்கச்சி. நானும் ஸ்கூலுக்குப் போயிரவான்னு. நான்தான் சொன்னேன், பெட்டி இருக்குல்ல, மெசேஜ் வந்தா கிளம்புன்னு." விரலிடுக்கிலிருந்த கறையை நகத்தால் சுரண்டினார். "எடுத்தவங்க சொன்னாங்க, போனை மடியிலயே வச்சிருந்தாளாம்."

ஷாமிளா அழுதாள். அவர் அழவுமில்லை, அவளைத் தேற்றவுமில்லை. சோற்றுக்கு மணி அடித்ததும் தட்டை எடுத்துக்கொண்டு வரிசைக்குப் போனார்.

கட்டுரையை அவள் எழுதி முடித்தாள். நடந்ததைக் குறைபாடுகள் பற்றிய பகுதியில் போடலாம் என்றார் காமில். அவள் கேட்கவில்லை, முதல் பக்கத்திலேயே எழுதினாள். ஆய்விதழிலிருந்து கட்டுரை திரும்பி வந்தது. நினைவகம் பற்றிய முடிவுகள் சிறப்பாக இருக்கின்றன, விபத்து பற்றிய பகுதி பொருத்தமில்லாதது என்று குறிப்பு எழுதியிருந்தார்கள்.

பெப்ரவரியில் புதுப் பெட்டி ஒன்று செய்தாள். சேரும் மின்சாரத்தில் ஒரு பங்கை எச்சரிக்கைக்கென்றே இது ஒதுக்கி வைக்கும். மற்ற வேலை எதுவும் அதைத் தொட முடியாது. அதை எடுத்துக்கொண்டு தோட்டத்தின் இன்னொரு லயத்துக்குப் போனாள். அங்கேயும் பின்னால் சரிவு. அங்கேயும் பாதுகாப்பான இடத்தில் வீடு கட்ட யாருக்கும் மாற்றுக் காணி கிடைத்திருக்கவில்லை. இலட்சுமி என்ற பெண் அவள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள்.

"வேணாம் பிள்ள" என்றாள் கடைசியில். "கோவத்துல சொல்லல. பெட்டி இல்லாட்டி மழை பேஞ்சா பயந்து ஓடிருவோம். இருந்தா, அது சொல்லட்டும்னு உக்காந்துருவோம்."

ஷாமிளா, இலட்சுமி கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு, பெட்டியைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுவதற்காகக் கீழே இறங்கி நடந்தாள். பாதி வழியில் மழை பிடித்தது.