அங்காளம்மன் ஏற ஒரு மலை

எண்பத்து மூன்றாம் வருஷ மாசி அமாவாசையில், மயானக் கொள்ளையில் ஆடிய செல்லியின் மேல் இறங்கிய அங்காளம்மன் மலையேற மறுத்துவிட்டாள். நல்லம்பள்ளிப் பக்கத்து அந்த ஊரில் அதற்கு முன் எந்தச் சாமியும் அப்படிச் செய்ததில்லை. பூசாரி கிருஷ்ணப்பன் வேப்பிலை அடித்தார், அவள் நாக்கில் கற்பூரம் கொளுத்தினார், "மலையேறு தாயே, பொழுது போச்சு" என்று கெஞ்சினார். எரிகிற கற்பூரத்தை மென்று விழுங்கிவிட்டு அவள் கேட்டாள்: "எந்த மலைடா? எங்கடா வெச்சிருக்கீங்க என் மலைய?"

எல்லோரும் வடக்கே திரும்பினார்கள். பள்ளம்தான் இருந்தது. ஊருக்கு இருந்த ஒரே மலையைக் குவாரிக்காரர்கள் பாளம் பாளமாக அறுத்து முடித்திருந்தார்கள். அது இப்போது எங்கோ யார் யார் வீட்டுக்கோ தரையாகக் கிடந்தது. வெடிக்குக் குழி போட்டவன் செல்லியின் புருஷன் பச்சியப்பன். லாரியில் ஏற்றிப் போனவர் பக்கத்து வீட்டு நூர் பாஷா. இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அம்மன் நேராகப் பச்சியப்பன் வீட்டுக்குப் போய்ப் பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள்.

ஊருக்கு இதில் வசதிதான். அவள் முறைத்தால் ஈர விறகும் எரிந்தது. பாலக்கோட்டுக்குப் போகிற தக்காளி வண்டிகள் நின்று ஒரு கூடை இறக்கிவிட்டுப் போயின. பச்சியப்பன் பாடுதான் திண்டாட்டம். மாட்டுக் கொட்டகையில் படுத்தான். கட்டிய பெண்டாட்டியைக் கும்பிட்டுவிட்டுத்தான் களி வாங்க வேண்டியிருந்தது. செல்லி வாயால் ஒரு திட்டு வாங்கி எத்தனை நாளாச்சு என்று நூர் பாஷாவிடம் அழுதான்.

"அழுவாத மச்சான். ஏத்திப் போனவன் நானு, எறக்கித் தரேன்" என்றார் நூர் பாஷா.

மற்ற குவாரிகளில் கழித்துப் போட்ட கற்களோடு லாரி திரும்பி வரத் தொடங்கியது. பச்சியப்பன் வாசலில் அடுக்கினான். இடுப்பு உயரம் வந்ததும் அம்மன் சுற்றிப் பார்த்துச் சிரித்தாள். "இது மலையாடா? ஆடு ஏறி மேஞ்சாத்தான்டா மலை!"

மழை பொய்த்த வருஷங்கள் அவை. கல் கூரையைத் தொட்டது, புல் முளைக்கவில்லை. இடுக்கெல்லாம் மண் கொட்டி, பச்சியப்பன் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினான். தலை நரைத்துப்போனது. எண்பத்தெட்டு ஐப்பசியில் மழை பிடித்து, உச்சியில் பச்சை தெரிந்தது. நூர் பாஷாவின் மனைவி குல்ஷன் வளர்த்த வெள்ளாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஏறி மேய்ந்தது. செல்லியின் உடம்பை வாசற்படியில் உட்காரவைத்துவிட்டு, அம்மன் அதன் பின்னாலேயே ஏறிப்போனாள்.

செல்லி கண்ணைத் திறந்தாள். "வூட்டு வாசல்ல எவன்யா இம்மாங் கல்லக் கொட்டுனது? கோழிங்க எங்க போயி மேயும்? நீ என்னா வாயப் பொளந்துக்கிட்டு நிக்கற?"

"இன்னுங் கொஞ்சம் திட்டு" என்றான் பச்சியப்பன்.

மலை கூரை உயரமே என்பதால் அம்மனுக்கு இறங்குவது சுலபம். உப்போ புளியோ தீர்ந்தால் வந்து நிற்பாள். அத்தனை வருஷம் குடியிருந்ததில் செல்லியின் முகம் அவளுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. செல்லி ஒரு கை அள்ளிக் கொடுத்துவிட்டு, "சுருக்கா மலையேறு தாயி. ஆள் அடையாளம் தெரியாம அந்தாளு என்னயப் போயி கும்புட்டுக்கிட்டு நிக்குது" என்பாள்.