பக்கத்து அறை ஊறுகாய்

அறுவடை முடிந்து நெல்லைச் சேர்த்துவைத்த கையோடு, மலைமேல் இருக்கும் வெந்நீர் ஊற்று விடுதிக்குப் போய்ச் சில நாள் கிடந்துவிட்டு வருவது ஜப்பானில் அகிதாப் பக்கத்துக் கிழடுகளின் வழக்கம். அரிசி, சூப்புக்கு மிசோ விழுது, காய்ந்த காளான், மாத்திரை டப்பா எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு போவார்கள். அங்கே யாரும் பரிமாற மாட்டார்கள், அவரவர் பொங்கித் தின்ன வேண்டியதுதான். தின்பது, வெந்நீரில் உட்காருவது, வந்து படுப்பது, மறுபடியும் வெந்நீர். அவ்வளவுதான் விடுமுறை. பேரன் பேத்திகள் கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், முதுகு ஒடிய நாற்று நட்டால் தெரியும்.

யோனேயும் அவள் நாத்தனார் தோமியும் வருஷம் தவறாமல் வருகிறவர்கள். தோமி எண்பதைத் தாண்டிவிட்டாள். கட்டிக்கொடுத்த வீட்டில் ஒத்துவராமல் சின்ன வயசிலேயே பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள், அன்றிலிருந்து தம்பி பெண்டாட்டியின் சமையலைக் குறை சொல்வதையே வேலையாக வைத்திருந்தாள். தம்பி செய்ஜி இரண்டு வருஷம் முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டான். இப்போது அந்தப் பெரிய வீட்டில் மிச்சமிருப்பது இரண்டு கிழவிகளும் அவர்களுடைய சண்டையும்தான். அந்தச் சண்டை இல்லாமல் தனக்கு ஒரு நாள்கூட ஓடாது என்பது யோனேக்குத் தெரியும். அதைப் போய்த் தோமியிடம் சொல்வாளா?

வந்த அன்று சாயங்காலம் மரத்தொட்டியில் இறங்கியதும், எல்லாரும் சொல்வதைத்தான் யோனேயும் சொன்னாள். "சொர்க்கம், சொர்க்கம்." வெந்நீர் கழுத்துக்கு ஏறும்போது வாயில் தானாக வருகிற வார்த்தை அது. யாரும் யோசித்துச் சொல்வதில்லை. அதோடு அவள் நிறுத்தியிருக்கலாம்.

"இப்படியே இங்கயே இருந்துடலாம் போல இருக்கு. வீட்டுக்குப் போயி என்னத்தைக் கிழிக்கப் போறோம்?"

"நிஜமாத்தான் சொல்றீங்களா?"

ஆவிக்குள்ளிருந்து குரல் வந்தது. மூலையில் மெலிந்த அம்மாள் ஒருத்தி, தலையில் துண்டை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெயர் ஷினோ என்றாள். பக்கத்து அறையில் தங்கியிருப்பதாகவும் சொன்னாள்.

"நிஜம்தாங்க" என்றாள் யோனே, பேச்சுவாக்கில்.

"அவ கிடக்கிறா, விடுங்கம்மா" என்றாள் தோமி. "சுடுதண்ணி மண்டைக்கு ஏறிப்போச்சு."

மறுநாள் காலையில் இவர்கள் இருவரும் தொட்டியில் இருக்கும்போது ஷினோ வந்தாள். தொட்டி விளிம்புவரை தளும்பிக்கொண்டிருந்தது. சற்று முன்பு தோமி இறங்கியபோது பாதித் தண்ணீர் தரையில் கொட்டி, யோனேயின் செருப்பு வாசல்வரை மிதந்து போயிருந்தது. ஷினோ இறங்கினாள், கழுத்துவரை அமிழ்ந்தாள். ஒரு சொட்டுகூட வழியவில்லை. பாவம், எவ்வளவு இளைத்துப்போயிருக்கிறாள் என்று நினைத்தாள் யோனே. தோமி மட்டும் தொட்டி விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் ஷினோ ஒரு கிண்ணத்தோடு இவர்கள் அறைக்கு வந்தாள். புகைபோட்ட முள்ளங்கி ஊறுகாய். மூவரும் கணப்பைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஷினோ தன் சாப்பாட்டுக் குச்சியால் ஒரு துண்டை எடுத்து யோனேயின் பக்கம் நீட்டினாள்.

"எடுத்துக்குங்க."

கிண்ணத்தில் போடுவாள் என்று யோனே பார்த்தாள். போடவில்லை, அந்தரத்தில் பிடித்துக்கொண்டிருந்தாள். மரியாதைக்கு யோனே தன் குச்சியைத் தூக்கினாள். அதற்குள் குறுக்கே வந்தது தோமியின் குச்சி. துண்டை வெடுக்கென்று பிடுங்கி வாயில் போட்டுக் கடக்முடக்கென்று மென்றாள்.

யோனே தூக்கிய குச்சியைச் சட்டென்று கீழே வைத்தாள். ஒரு குச்சியிலிருந்து இன்னொரு குச்சிக்கு எதையும் வாங்கக் கூடாது. சுடுகாட்டில் எரித்து முடித்தபின் உறவுக்காரர்கள் எலும்பைத்தான் அப்படிக் கைமாற்றித் தாழியில் இடுவார்கள். சாப்பாட்டில் அதைச் செய்கிற குழந்தைக்குக்கூட கையில் அடி விழும். செய்ஜிக்கு இவர்கள் இருவரும்தான் அதைச் செய்தார்கள்.

ஷினோ தோமியின் பக்கம் திரும்பினாள். பிறகு சிரித்தாள். "உங்களுக்கும் பிடிக்குமா?"

"முள்ளங்கின்னா எனக்கு உசிரு" என்றாள் தோமி.

ஷினோ போனதும் யோனே பிடித்துக்கொண்டாள். "உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா அக்கா? வாயைக் கட்ட முடியாதா?"

"உன் சமையலைத் தின்னு தின்னு நாக்கு செத்துப்போச்சு. நல்ல ஊறுகாயைப் பார்த்தா கை தானா போகுது."

அதற்குப் பிறகு தோமியின் உடம்பு தேறத் தொடங்கியது. முதலில் யோனேக்குச் சந்தோஷம்தான். மாடிப்படியில் மூச்சு வாங்கி நிற்கிறவள் விறுவிறுவென்று ஏறினாள். முழங்கால் வலிக்கு ஒட்டும் பட்டையைப் பிய்த்துப் போட்டாள். பகலெல்லாம் நன்றாகத் தூங்கினாள். ஆனால் அவள் ஏறும்போது படிகள் முனகுவது நின்றுபோயிருந்தது. பூனை நடந்தாலே கிறீச்சிடுகிற பழைய படிகள் அவை. போதாததற்கு, உப்பில்லாத சூப்பை ஒரு வார்த்தை சொல்லாமல் குடித்துவிட்டு "நல்லா இருக்கு" என்றாள். அதைக் கேட்டதும் யோனேக்கு நிஜமாகவே பயம் பிடித்தது.

கீழே போய் விடுதிக்காரியிடம் விசாரித்தாள். "பக்கத்து அறையம்மா எப்பத் திரும்பிப் போறாங்க?"

விடுதிக்காரி துண்டுகளை மடித்துக்கொண்டே சொன்னாள். "ஷினோ அம்மாவா? அவங்க எங்க மாமியார் காலத்துலேருந்து வர்றவங்க. நல்ல மாதிரி, ஒரு தொந்தரவும் கிடையாது. தனியாத்தான் வருவாங்க, போறப்ப யாரையாவது துணைக்குச் சேர்த்துக்கிட்டுப் போவாங்க."

"துணைக்கா?"

"ஆமா. இருக்கப் பிடிச்சிருக்குன்னு வாய்விட்டுச் சொல்றவங்களை. விருப்பமில்லாதவங்களை அவங்க தொட்டதே இல்ல" என்ற விடுதிக்காரி அடுத்த துண்டை எடுத்தாள். ஊற்றுத் தண்ணீர் இன்று கொஞ்சம் சூடு அதிகம் என்று சொல்வது போலத்தான் இதையும் சொன்னாள்.

யோனே மேலே ஓடினாள். மூட்டையைக் கட்டத் தொடங்கினாள்.

"கிளம்புங்க அக்கா. மத்தியான பஸ்ஸைப் பிடிச்சுடலாம். வீட்டு மருந்தைக் குடிச்சா எல்லாம் சரியாயிடும்."

தோமி சுவரில் சாய்ந்தபடி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னால முடியாது யோனே."

"முடியாதுன்னா தூக்கிக்கிட்டுப் போறேன்."

"தூக்குவே. இப்ப பாரமே இல்லையே." தோமி சிரித்தாள். "உட்காரு. அன்னைக்குத் தண்ணி வழியலைன்னு நானும்தான் பார்த்தேன். நீ அவளுக்குப் பாவம் பார்த்துக்கிட்டு இருந்தே. அந்தம்மா துண்டை உன் பக்கம்தான் நீட்டினா, என் பக்கம் இல்ல. நீயும் அசடு மாதிரி குச்சியைத் தூக்கினே."

மூட்டை யோனேயின் கையிலிருந்து நழுவியது.

"இருந்துடலாம்னு சொன்னது நான்தானே" என்றாள். "அப்ப நான்தான் போகணும். ஏன் குறுக்க வந்தீங்க?"

"செய்ஜியோட எலும்பை நீ நீட்டினே, நான் வாங்கினேன். எனக்குக் கை எப்படி நடுங்கிச்சு தெரியுமா? அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், உன் எலும்பை நான் வாங்க மாட்டேன்னு. இந்த வயசுல எங்கிட்ட அதைக் கேக்கறது அநியாயம்டி." தோமி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அதோட, நீ போயிட்டா எனக்கு யாரு உப்பில்லாம பொங்கிப் போடுவா?"

யோனே அழுதாள். இத்தனை வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் ஒருத்திக்கு முன்னால் மற்றவள் அழுதது செய்ஜி போன அன்றுதான். இப்போது வெட்கமில்லாமல் வாய்விட்டு அழுதாள். தோமி அவளை அழ விட்டாள். பிறகு, "பசிக்குது. காலையில வடிச்ச சோறு இருக்கா?" என்று கேட்டாள்.

பானையில் கொஞ்சம் இருந்தது. யோனே கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தாள். தோமி இரண்டு வாய் சாப்பிட்டிருப்பாள், இரண்டு அறைக்கும் நடுவிலிருந்த காகிதக் கதவுக்கு அந்தப் பக்கம் பாயில் யாரோ முழங்காலிட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"தோமி அம்மா" என்றாள் ஷினோ, ரொம்ப மரியாதையாக. "கிளம்பலாமா?"

தோமி கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. "சாப்பிட்டுக்கிட்டு இருக்கேம்மா. முடிச்சுட்டு வர்றேன். லீவுல வந்த இடத்துல அள்ளிப் போட்டுக்கிட்டு ஓட முடியுமா?"

"ஆகட்டும். நிதானமா சாப்பிடுங்க. நீங்க சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் காத்திருக்கேன்."

கீழே பஸ் வந்து நின்று, யாரும் ஏறாமல் புறப்பட்டுப் போனது. தோமியின் கிண்ணத்தில் பாதிதான் மிச்சம். யோனே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கட்டிய மூட்டையை அவிழ்த்து அரிசிப் பையை வெளியே இழுத்தாள். சமையலறைக்குப் போகிற நேரத்துக்கு தோமியைத் தனியே விட மனசில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த அரிசி முழுவதையும் அறையிலேயே பாத்திரத்தில் கொட்டி, கூஜாத் தண்ணீரை ஊற்றினாள். பாய் நனைந்தது.

"என்னடி பண்றே?" என்றாள் தோமி.

"பேசாம சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு யோனே அரிசியைக் களைந்தாள். "இன்னும் சோறு வருது."