அமிலத்தில் கிடந்த எலும்பு

எலும்பைச் சீவல் சீவலாக அறுத்தால்தான் மைக்ராஸ்கோப்பில் பார்க்க முடியும். கல்லாகக் கிடப்பதை எப்படிச் சீவுவது? அமிலத்தில் ஊறப்போட்டு, அதிலுள்ள சுண்ணாம்பெல்லாம் கரைந்து பதமாகும்வரை காத்திருக்க வேண்டும். அந்த ஆய்வகத்தில் காத்திருக்கும் வேலை டெக்னீஷியனுடையது. வருகிறவர்களுக்கெல்லாம் அவள் அக்கா.

ஒரு பஸ் டிரைவர் காலையும் மாலையும் ஜன்னலுக்கு வந்து நின்றார். அவருடைய மகளுக்கு முழங்காலுக்கு மேலே வீக்கம். அங்கிருந்து எடுத்த துண்டுதான் அக்காவின் புட்டியில் ஊறிக்கொண்டிருந்தது.

“கரைஞ்சுதாக்கா?”

“எலும்பை என்ன குக்கர்லயா வெச்சிருக்கேன், விசில் வந்ததும் இறக்க? பொறுங்கண்ணே.”

அவர் சிரித்தார். “எங்க வீட்டு வாலும் கேக்குறா. ஒரு துண்டு எலும்புக்கு இத்தனை நாளா, உள்ள உக்காந்து பரீட்சையா எழுதுதுன்னு.”

சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். தூங்கிய முகமே இல்லை. நாளைக்கும் இந்தச் சிரிப்பைப் பார்க்க அக்காவுக்குத் தெம்பில்லை. மெதுவாகக் கரைக்கும் திரவத்தைக் கொட்டிவிட்டுக் கடுமையான அமிலத்தை ஊற்றினாள். எலும்பில் ஒட்டியிருந்த, அமிலமே தேவைப்படாத மெத்தென்ற துணுக்குகளையாவது முதலில் பிரித்தெடுத்திருக்கலாம். அதையும் செய்யவில்லை. அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டியது, விடியும்வரை அப்படியே கிடந்தது.

ஸ்லைடு தயாரானதும் ஆய்வகத்து டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். நெடுநேரம் நிமிரவில்லை.

“என்னடி, எல்லாம் ஒரே ரோஸா இருக்கு? செல்லுக்குள்ள நீலமா ஒரு பொட்டு இருக்கணுமே, ஒண்ணையும் காணோம்?”

அக்கா நடந்ததைச் சொன்னாள். டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஸ்லைடை மெல்ல நகர்த்தி, ஓரிடத்தில் நிறுத்தினார்.

“வா, பாரு.”

அமிலம் எட்டாத அந்த ஓர் இடத்தில் மட்டும் நீலம் மிஞ்சியிருந்தது. பெரிதும் சிறிதுமாய், கோணல்மாணலாய் அடைந்து கிடந்த செல்கள். அவற்றுக்கு நடுவே தாறுமாறாக முளைத்த இளம் எலும்பு. வேறு குழந்தைகளின் இப்படிப்பட்ட ஸ்லைடுகளை அக்கா முன்பும் பார்த்திருக்கிறாள். அந்தக் குழந்தைகள் என்ன ஆனார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

“எக்ஸ்ரேவும் இதையேதான் சொல்லுது,” என்றார் டாக்டரம்மா. “ஆனா இத்துனூண்டை வெச்சு நான் கையெழுத்துப் போட முடியாது. கையெழுத்து இல்லாம மருந்து ஆரம்பிக்க மாட்டாங்க. மறுபடி துண்டு எடுக்கணும்.”

“நானே போய்ச் சொல்றேன்மா.”

“பாழானதை மட்டும் சொல்லு. மத்தது அடுத்த துண்டு வந்தப்புறம்.”

ஜன்னலில் டிரைவர் நின்றிருந்தார். அக்கா சுற்றி வளைக்கவில்லை.

“என் தப்புண்ணே. அவசரப்பட்டு கடுமையான அமிலத்தை ஊத்திட்டேன். ஒண்ணும் எழுத முடியாமப் போச்சு. பாப்பாவுக்கு இன்னொரு தடவை எடுக்கணும்.”

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “மறுபடியும் அறுக்கணுமா? ஒரே தடவைதான்னு அவ தலையில அடிச்சு சத்தியம் பண்ணியிருக்கேனேக்கா.”

அக்கா தலைகுனிந்து நின்றாள், ரெண்டு அறை விட்டாலும் வாங்கிக்கொள்ளலாம் என்பதுபோல. ஆனால் அவர் குரல் திடீரென்று இளகியது.

“அப்ப இன்னும் எதுவும் தெரியலை, இல்லக்கா? ஒண்ணுமே இல்லாமக்கூட இருக்கலாம்.”

அக்காவின் வாய் திறந்தது. “பாப்பாவைச் சீக்கிரம் கூட்டிட்டு வாங்கண்ணே,” என்றாள்.

அவர் போனைக் காதில் வைத்தபடியே நடந்தார். தாழ்வாரத்தின் கோடிவரை அந்தக் குரல் கேட்டது. “வாலு, பரீட்சை இன்னும் முடியலையாம்டா. அந்தத் துண்டு எழுதின பேப்பரைத் தொலைச்சிடுச்சாம்...”

அக்கா புட்டியைக் கழுவி, மெதுவாகக் கரைக்கும் திரவத்தை ஊற்றி வைத்தாள்.