காலுக்கு மரணச் சான்றிதழ்

என் புருஷனுக்கு முன்பாக அவருடைய வலது கால் செத்துப்போனது. சுண்டுவிரலில் தொடங்கியது. சர்க்கரை வியாதிக்காரர் செருப்புக் கடித்தால் வீட்டில் சொல்ல வேண்டும்; இவர் சொல்லவில்லை. ஊரார் உடுப்பில் இருக்கிற ஓட்டையை எல்லாம் தேடித் தேடி மூடுகிற மனிதருக்குத் தன் காலில் விழுந்த ஓட்டை கண்ணில் படவில்லை. விரல் கறுத்து, கறுப்பு கணுக்காலுக்கு ஏறி, வாடை வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தோம்.

கிழிசலுக்கு இழையோட்டுவதுதான் அவர் தொழில். சிகரெட் சுட்ட கோட்டு, எலி கடித்த கம்பளி, ஆணியில் மாட்டிக் கிழிந்த கால்சட்டை என்று எதைக் கொடுத்தாலும், அதே துணியின் உள்மடிப்பிலிருந்து நூலை உருவி, ஒவ்வோர் இழையாக உள்ளே விட்டு மூடிவிடுவார். வாங்க வருகிறவர்கள் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். "எங்க இருந்துச்சுன்னு காட்டுங்க பாப்போம்" என்று இவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். அவர்கள் தேடி ஏமாறுகிற அந்த ஒரு நிமிஷம் அவருக்குக் கூலியைவிடப் பெரிது.

ஈஸ்டருக்கு முந்தின நாள் சனிக்கிழமை. காலையிலேயே டாக்டர் வந்து கட்டைப் பிரித்துப் பார்த்தார்.

"முழங்காலுக்குக் கீழ எடுத்துடணும். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள. தள்ளிப் போட்டா விஷம் ரத்தத்துல ஏறிடும், அப்புறம் ஆள் தங்க மாட்டாரு" என்றார்.

"எடுத்த காலை என்ன செய்வீங்க?" என்று கேட்டார் என் புருஷன்.

"எரிச்சிடுவோம்."

"அப்ப வேண்டாம்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய? தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இவர் முயலுக்கு நாலு காலும் வேண்டும் என்று படுத்திருந்தார்.

விஷயம் இதுதான். கடைசி நாளில் எக்காளம் ஊதும்போது கல்லறைகள் திறக்கும், மரித்தவர்கள் சரீரத்தோடு எழும்புவார்கள் என்று எங்கள் சபையில் வாராவாரம் எழுந்து நின்று சொல்கிறோம். நானும் சொல்கிறேன், அடுப்பை அணைத்தேனா என்று யோசித்துக்கொண்டே. இவர் ஒவ்வொரு சொல்லையும் நம்பிச் சொல்லியிருக்கிறார். கால் சாம்பலாகிவிட்டால் அன்றைக்கு ஒற்றைக் காலோடு எழும்ப வேண்டிவருமே என்பது அவர் கவலை. சபைக் கல்லறையில் காலைப் புதைத்தால், பின்னால் தன்னையும் அதே குழியில் போட்டால், ஒன்றாக எழும்பலாம்.

"பொதுமயானத்துல புதைச்சா ஆகாதா?" என்று கேட்டேன்.

"கால் ஒரு இடத்துல எழும்பும், நான் ஒரு இடத்துல எழும்புவேன். அதைத் தேடிட்டு நடக்கிறதுக்கே எனக்குக் கால் வேணுமே."

கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய அக்கா, அதாவது என் அண்ணி, தம்பியின் நெற்றியைத் தடவினார். "என் தம்பி சொல்றதுல என்ன தப்பு? கர்த்தர் முழுசா கொடுத்தாரு. முழுசா திருப்பிக் கொடுக்கணும்னு நினைக்கிறான்."

"உங்க பித்தப்பையை எங்க புதைச்சீங்க, அண்ணி?" என்று கேட்டேன். போன வருஷம்தான் அதை எடுத்தார்கள். பல் செட்டைப் பற்றி நான் பேச்செடுக்கவில்லை. பெரியவர்களுக்கு மரியாதை என்று ஒன்று இருக்கிறது. அண்ணி வாயை இறுக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

புதைக்க இடம் காட்டினால் காலைத் தருவதாக டாக்டர் சொன்னார். நான் சபைக்கு ஓடினேன்.

அங்கே கூடத்தில் ஒரு கல்லறை தயாராகிக்கொண்டிருந்தது. பலகை அடித்து, சாம்பல் நிறப் பெயிண்டு பூசி, வாசலுக்குத் தெர்மோகோலில் ஒரு கல். கல்லுக்கு அடியில் சக்கரம். மறுநாள் நாடகத்தில் தேவதூதன் தொட்டதும் அது உருள வேண்டும். தொட்டால் உருளவில்லை, தள்ளினால் சாய்ந்தது. பாஸ்டர், செயலாளர், மகளிர் சங்கத் தலைவி மூவரும் அதைச் சுற்றி நின்று உயிர்த்தெழுதல் தடைபட்ட கவலையில் இருந்தார்கள்.

"பாஸ்டர், ஒரு காலைப் புதைக்கணும்" என்றேன். சுற்றி வளைத்துப் பேச நேரமில்லை.

விவரத்தைச் சொன்னதும் பாஸ்டர் கையிலிருந்த பிரசங்கத் தாள்களால் விசிறிக்கொண்டார். செயலாளர் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வாயைத் திறந்தால் விதிதான் வரும்.

"மரணச் சான்றிதழ் இருக்கா?"

"கால் செத்ததுக்கு யாருங்க சான்றிதழ் தருவா?"

"அது இல்லாம அடக்கம் பண்ண விதியில இடமில்லம்மா. ஆளே போயிட்டாருன்னா சிக்கல் இல்ல. எல்லாத்தையும் சேர்த்து ஒண்ணாவே பண்ணிடலாம்."

"அவர் போகாம இருக்கத்தாங்க கேக்குறேன்."

"அதுக்கு விதி இல்லியே" என்றார், உண்மையான வருத்தத்தோடு.

"இன்னிக்குக் காலுக்கு இடம் கொடுத்தா, நாளைக்கு ஒருத்தி கர்ப்பப்பையைத் தூக்கிட்டு வருவா" என்றார் தலைவி. "கல்லுல என்ன எழுதுறது? இந்தக் கால் கர்த்தருக்குள் நித்திரையடைந்ததுன்னா?"

நான் பாஸ்டரைப் பார்த்தேன். அவர் குரலை இறக்கினார். "இதையெல்லாம் நாம ஆவிக்குரிய அர்த்தத்துல எடுத்துக்கணும்மா. சரீரம்னா அப்படியே சதையும் எலும்பும்னு..."

"போன ஈஸ்டருக்கு நீங்க அப்படிச் சொல்லலையே. ஆவி இல்ல, எலும்பும் சதையுமா எழும்பினாரு, பொரிச்ச மீனை வாங்கிச் சாப்பிட்டாருன்னு மேசையைத் தட்டிச் சொன்னீங்க."

"அது அவருக்கு."

"அப்ப எங்களுக்கு?"

பாஸ்டர் செயலாளரைப் பார்த்தார். "கமிட்டி கூடித்தான் சொல்லணும்" என்றார் செயலாளர்.

மரித்தோர் எழும்புவார்களா மாட்டார்களா என்பது கமிட்டியின் கையில் இருக்கிற சங்கதி என்று எனக்கு அதுவரை தெரியாது. எப்போது கூடும் என்று கேட்டேன். ஈஸ்டர் வேலை எல்லாம் முடிந்து, எல்லோரும் இரண்டு நாள் ஓய்வெடுத்த பிறகு என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயில் வந்ததைக் கொட்டிவிட்டுப் போகலாம் என்று நின்றேன்.

அப்போது உள்ளறையிலிருந்து இயேசு வந்தார். வாரநாட்களில் இன்சூரன்ஸ் ஏஜெண்டாக இருக்கிறவர். என் புருஷன் தைத்துக் கொடுத்த வெள்ளை அங்கி, ஒட்டுத் தாடி, இரண்டு உள்ளங்கையிலும் சிவப்புச் சாயத்தில் ஆணிக் காயம்.

தலைவி பதறிப்போனார். "இது வெள்ளிக்கிழமை ரத்தம். ஞாயித்துக்கிழமைக்கு எதுக்கு? அங்கி கறையாயிடும்."

"நம்பாத சீஷன் தோமா காயத்துல விரலை விட்டுப் பாக்கணுமே, அக்கா. காயம் இல்லன்னா எதுல விடுவாரு?"

"தொட்ட மாதிரி நடிச்சாப் போதும். எழும்பினவரு சுத்தமா இருக்க வேணாமா? பாக்கிற ஜனங்களுக்கு ஒரு சந்தோஷம் வேணாமா?"

எல்லோரும் பாஸ்டரைப் பார்த்தார்கள். பாஸ்டர் அந்தக் கைகளைப் பார்த்தார், வெள்ளை அங்கியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

"துடைச்சிடுங்க" என்றார்.

இதற்குக் கமிட்டி கூட வேண்டியிருக்கவில்லை. தலைவி பஞ்சில் எண்ணெய் தொட்டுத் துடைத்தார். அந்தக் கைகள் பளிச்சென்று, பாலிசி விற்கிற கைகளாக மாறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சட்டென்று எனக்கு ஒன்று பிடிபட்டது. சொல்லிக்கொள்ளாமலே திரும்பி நடந்தேன். "ஜெபத்துல நினைச்சுக்கிறோம்மா" என்று பாஸ்டர் பின்னாலிருந்து சொன்னார்.

ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அவருக்குக் காய்ச்சல் ஏறியிருந்தது. உதடு வெடித்துக் கிடந்தது. "என்ன சொன்னாங்க?" என்று அண்ணிதான் கேட்டார். இடம் கொடுத்துவிட்டார்கள் என்று ஒரு பொய் என் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் கிழிசலைக் கண்டுபிடிக்கிற கண் அவருக்கு. என் முகத்தில் அதைப் பார்த்துவிடுவார்.

"கொடுக்கல" என்றேன்.

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "அப்ப இருக்கட்டும். போனா முழுசாவே போறேன்."

"சரி, போங்க. போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. மூணாம் நாள் எழும்பினாரே, அவர் கையில ஓட்டை இருந்துச்சா, இல்லையா?"

"இருந்துச்சு."

"விலாவுல?"

"இருந்துச்சு. தோமாவைக் கையை விட்டுப் பாக்கச் சொன்னாரே."

"உங்ககிட்ட கொடுத்திருந்தா அதை மூடியிருப்பீங்களா?"

அவர் மெல்ல இந்தப் பக்கம் திரும்பினார். சாகிற நேரத்திலும் தொழில் என்றால் காது நிமிரும். "அரை நாள்ல மூடியிருப்பேன்."

"அடையாளம் தெரியாமலா?"

"எங்க இருந்துச்சுன்னு தோமாவே தேடியிருப்பாரு."

"அப்புறம் தோமா எதை வெச்சு நம்பியிருப்பாரு?"

அவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"செத்த உடம்புக்கு உசுரு கொடுக்கத் தெரிஞ்சவருக்கு கை, கால், விலான்னு அஞ்சு ஓட்டையை மூடத் தெரியாதா? தெரிஞ்சேதான் விட்டிருக்காரு" என்றேன். "ஓட்டையோட எழும்பி வந்தவரு, ஒத்தைக் கால்னு உங்களை மட்டும் வாசல்ல நிறுத்தி வெப்பாரா?"

"எல்லாரும் நடந்து போவாங்க. நான் நொண்டிக்கிட்டுப் போகணும்."

"போங்களேன். நான் வலது பக்கம் நிக்கிறேன். தோளைப் பிடிச்சுக்குங்க."

"உன் வாய்க்கு உன்னை அங்க விடுவாங்களா?"

அவர் கண்ணில் கொஞ்சம் சிரிப்பு தெரிந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. காலையிலிருந்து வாயாடிக்கொண்டே ஓடியவள் நான். பயந்து போயிருந்தேன், அவ்வளவுதான். அவரில்லாத வீட்டுக்கு நான் எப்படித் திரும்பிப் போவேன் என்று பயந்து போயிருந்தேன்.

"மேல ரெண்டு காலோட நிக்கிற புருஷன் எனக்கு எதுக்கு?" என்றேன். "வீட்டுல ஒரு காலோட உக்காந்திருங்க. எனக்கு அது போதும்."

அவர் போர்வைக்குள் அந்தக் காலைத் தொட முயன்று, கை எட்டாமல் விட்டுவிட்டார். பிறகு டாக்டர் வைத்துவிட்டுப் போன சம்மதத் தாளுக்குக் கையை நீட்டி, "பேனாவைக் கொடு" என்றார்.

சாயங்காலம் எடுத்தார்கள். எடுத்த காலை எரித்தார்கள். மறுநாள் சபையில் தெர்மோகோல் கல் ஒருவழியாக உருண்டது என்றும், தோமா ஒரு சுத்தமான உள்ளங்கையைத் தடவிப் பார்த்து விசுவாசித்தார் என்றும் அண்ணி வந்து சொன்னார்.

வியாழக்கிழமை பாஸ்டரும் செயலாளரும் ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தார்கள். பாஸ்டர் கையில் ஒரு பை. பழம் என்று நினைத்து நான் தட்டை எடுத்து வைத்தேன்.

பாஸ்டர் ஜெபித்து முடித்ததும் செயலாளர் தொண்டையைச் செருமினார். "உங்க விண்ணப்பத்தைக் கமிட்டியில வெச்சோம். எல்லாரும் அனுதாபத்தோடதான் பேசினாங்க. அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவெச்சிருக்கு."

"காலை சனிக்கிழமையே எரிச்சாச்சுங்க" என்றேன்.

"அப்படியா? அப்ப தீர்ந்தது" என்றார். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

பாஸ்டர் பையைத் திறந்தார். பழமில்லை. வெள்ளை அங்கி.

"எழும்பி வெளிய வர்றப்போ கல்லறை வாசல்ல ஒரு ஆணியில மாட்டிக் கிழிஞ்சிடுச்சு. வர்ற ஞாயிறு பக்கத்துச் சபையில நாடகத்தை மறுபடி போடச் சொல்றாங்க. அவசரம் இல்ல, படுத்துக்கிட்டே பாத்தாலும் போதும். உங்க கை பட்டா எங்க இருந்துச்சுன்னே தெரியாது."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தட்டை என்ன செய்திருப்பேனோ தெரியாது. என் புருஷன் அங்கியை வாங்கிக்கொண்டார். மூக்குக் கண்ணாடியைக் கேட்டார். அங்கியை மடியில் விரித்து, கிழிசலைத் தேடிக் கண்டுபிடித்து, வழக்கம்போல அதற்குள் விரலை விட்டுப் பார்த்தார். விலாப் பக்கம், இரண்டு விரல் நுழைகிற அளவு.

அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு அங்கியை மடித்துப் பாஸ்டரிடம் திருப்பிக் கொடுத்தார்.

"இது இருக்கட்டும், பாஸ்டர்."

"இல்ல, விலாவுல பெரிய ஓட்டையா..."

"சரியான இடத்துலதான் இருக்கு."

நான் அவருக்கு வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து ஒரு துணியை மூடாமல் அவர் திருப்பிக் கொடுத்துப் பார்த்ததில்லை. பாஸ்டருக்கு முகம் சிவந்தது. புரிந்து சிவந்ததா, இல்லை வேறு தையல்காரரைத் தேட வேண்டுமே என்று சிவந்ததா, நான் அறியேன். பையை எடுத்துக்கொண்டு இருவரும் கிளம்பினார்கள்.

அவர்களை வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். உட்கார ஸ்டூலை இழுத்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைத் தட்டி, "இங்க உக்காரு. இப்பதான் இடம் இருக்கே" என்றார்.