இருபத்தைந்து சதச் சாட்சி

அந்தக் காசு கைக்கு வந்தபோது தில்லைநாயகிக்கு முதலில் வந்தது கோபம்தான். விடியப்புறம் ஓஸ்டர்முண்டிகனில் பஸ் ஏறி வந்து, பேர்ண் நகரத்து ஆய்வு நிறுவனமொன்றின் மூன்று மாடிகளையும் கூட்டித் துடைக்கிறவளுக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது. விருந்தாளிகள் கையில் திணிக்கிற சில்லறைக்குப் பல்லிளிக்கவேண்டிய தேவை அவளுக்கு இல்லை. ஊரில் கூட்டுறவுச் சங்கத்தில் பத்து வருடம் கணக்கெழுதும் லிகிதராக இருந்தவள். வாளியும் தும்புத்தடியும் வந்ததால் கை தாழ்ந்துவிட்டதென்று யாராவது நினைத்தால் பொல்லாத கோபம் வரும்.

"வேண்டாம், வைச்சிருங்கோ," என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லிக் காசைத் திருப்பி நீட்டினாள்.

"இது டிப்ஸ் இல்லை. சாட்சிக்கு," என்றாள் டெல்ஃபீன்.

அது இன்னும் மோசமாகப் போய்விட்டது.

டெல்ஃபீன் கனடாவின் மேற்குக் கரையிலிருந்து வந்தவள். ஸ்க்வாமிஷ் என்கிற ஆதிக்குடியைச் சேர்ந்தவள். அறுபதுகளில் சுவிஸ் அறிஞர் ஒருவர் அங்கே போய், அவர்களுடைய முதியவர்களைப் பேசவைத்து, பாடவைத்து, இருபத்துமூன்று ஒலிநாடாச் சுருள்களில் பதிந்துகொண்டு வந்துவிட்டார். அறிஞரும் செத்துப்போனார், பேசியவர்களும் போய்ச் சேர்ந்தார்கள். சுருள்கள் மட்டும் இந்த நிறுவனத்து அலுமாரியில் சுகமாக இருந்தன. அங்கேயோ அந்த மொழியை முழுதாகப் பேசத் தெரிந்தவர்களை ஒரு மினி பஸ்ஸில் ஏற்றிவிடலாம் என்ற நிலைமை. அது தானாக வந்த நிலைமையும் இல்லை. பள்ளிக்கூடத்தில் அந்த மொழியில் வாய் திறந்த பிள்ளைகளை அடித்து அடித்து வாயை மூடவைத்த காலமொன்று இருந்தது. மிஞ்சியவர்களிடம் சொல் சொல்லாகக் கேட்டு ஓர் அகராதிக்கு எழுதிச் சேர்ப்பதுதான் டெல்ஃபீனின் வேலை.

1995 கோடையில் இரண்டு கிழமை, இரண்டாம் மாடி அறையில் காதுக்குக் கருவியை மாட்டிக்கொண்டு சுருள்களைக் கேட்டு எழுதினாள். குப்பைக்கூடையை எடுக்கப் போன தில்லைநாயகி, கொப்பியில் எழுத்துகளுக்கு நடுவே 7 என்ற இலக்கம் நிற்பதைக் கண்டு, ஏதோ விலையாக்கும் என்று நினைத்தாள். தொண்டையில் மூச்சை ஒரு கணம் மறிக்கிற ஒலிக்கு அதுதான் எழுத்து என்று டெல்ஃபீன் செய்துகாட்டினாள். தில்லைநாயகியும் செய்து பார்த்தாள், விக்கல் வந்தது. அன்று தொடங்கி இருவரும் கூட்டு.

பதினாலாம் சுருளில் பாடுகிறவர் டெல்ஃபீனின் தாய்மாமன். ஒருநாள் கருவியைத் தில்லைநாயகியின் காதில் வைத்துக் கொஞ்சம் கேட்கவிட்டாள். அந்தப் பாட்டு அந்தக் குடும்பத்துடையது, குடும்பம் சொல்லாமல் பிறர் எடுத்தாளக் கூடாது என்றாள். தில்லைநாயகிக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. தாய்மாமன் என்றால் யாரென்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

கடைசி நாள், ஆகஸ்ட் பதினொன்று, நிறுவனத்தை நடத்தும் பணிப்பாளர் ஆம்ஸ்டுட்ஸ் விடைகொடுக்க வந்தார். கோப்பி, செர்ரிக் கேக், நல்ல குஷி. இருபத்துமூன்று சுருளுக்கும் பிரதி எடுத்து ஒரு வருடத்துக்குள் உங்கள் மக்களுக்கு அனுப்புவோம், பதினாலாம் சுருளை உங்கள் குடும்பம் சொல்லாமல் வெளியே விடமாட்டோம் என்றார். டெல்ஃபீன் எழுத்தில் தரும்படி கேட்கவில்லை. எழுந்து நின்று சாட்சிக்கு ஆள் பார்த்தாள். மேசை துடைக்கப் போன தில்லைநாயகியும், மின்குமிழ் மாற்றப் போன கட்டடப் பராமரிப்பாளர் கெர்பரும்தான் இருந்தார்கள். இருவரையும் பெயர் சொல்லி அழைத்து, இங்கே சொல்லப்பட்டதைக் கேட்டீர்கள், நினைவில் வைத்திருங்கள் என்று சொல்லி, ஆளுக்கொரு இருபத்தைந்து சதக் காசைக் கையில் வைத்தாள். பணிப்பாளர் வேடிக்கை பார்ப்பதுபோலச் சிரித்துவிட்டுப் போனார்.

"காசு வாங்கிச் சாட்சி சொல்லுறவைக்கு எங்கட ஊரிலை ஒரு பேர் இருக்கு," என்றாள் தில்லைநாயகி, நீட்டிய கையை மடக்காமல். "நல்ல பேரில்லை."

டெல்ஃபீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்கள் ஊரில் காசு வாங்காதவர் சாட்சியே இல்லை. இது கூலி இல்லை, நாயகி. பெயர் வைக்கிறபோதும், வாக்குக் கொடுக்கிறபோதும் வெளியாரில் சிலரைக் கூப்பிட்டு இப்படித்தான் கொடுப்போம். வாங்கினவர் யார் எப்போது கேட்டாலும் கண்டதைக் கண்டபடி சொல்லவேண்டும். எங்களுக்குப் பத்திரம் என்றால் அதுதான்."

"சொல்லாட்டி?"

"சொல்லாவிட்டால் நடந்தது நடக்காததாகிவிடும்."

தில்லைநாயகி காசைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு பக்கம் கலைமான், மறுபக்கம் இங்கிலாந்து மகாராணி. அந்த அம்மா போகாத இடமில்லை. பிறகு விரல்களை மடக்கிக்கொண்டாள்.

ஒரு வருடம் போய், மேலே மூன்று மாதமும் போயிற்று. ஒரு பிரதியும் போகவில்லை. நவம்பரில் நிறுவனத்துக்கு ஆண்டுவிழா. வைன் கிளாஸ்களை எடுத்துக் கழுவுவதற்காக மண்டபத்துக்குள் போன தில்லைநாயகி, ஒலிபெருக்கியில் டெல்ஃபீனின் மாமன் பாடுவதைக் கேட்டாள். வாசலில் குறுந்தட்டுகள் அடுக்கியிருந்தன, விற்பனைக்கு. முதல் பாட்டே அவருடையது. ஆட்கள் சீஸைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார்கள். அன்றே தொலைபேசி அட்டை ஒன்று வாங்கி, கனடாவுக்கு அடித்து, கண்டதைச் சொன்னாள்.

டெல்ஃபீன் நிறுவனத்தின் நிர்வாகக் குழுவுக்கு முறைப்பாடு எழுதினாள். பதினாலாம் சுருளைப்பற்றி அந்தப் பெண்ணிடம் பேசியதே இல்லை, பொதுவாக நாலு மரியாதை வார்த்தை சொன்னேன், அவ்வளவுதான் என்று ஆம்ஸ்டுட்ஸ் பதில் எழுதினார். ஓய்வூதியத்துக்கு இரண்டு வருடம் இருந்த கெர்பருக்குத் திடீரென்று எதுவுமே நினைவில்லை. பெப்ரவரியில் குழு விசாரிக்கக் கூடுவதாகச் செய்தி வந்தது. "நான் கேட்கிறேன், நாயகி. வந்து சொல்கிறாயா?" என்று டெல்ஃபீன் தொலைபேசியில் கேட்டாள்.

ஆசுப்பத்திரிச் சமையலறையில் வேலைசெய்யும் புருஷன் நித்தியானந்தன், இதைக் கேட்டதும் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தான்.

"இஞ்சாரும், சாட்சிக்காரன் காலிலை விழுறதிலும் சண்டைக்காரன் காலிலை விழலாமெண்டு சும்மாவே சொன்னவை? நீர் இப்ப சாட்சிக்காரியோ?"

"ஓம்."

"அந்தாள் கையெழுத்து வைச்சால்தான் உமக்கு அடுத்த வருசத்துக்கு வேலை. வேலை இருந்தால்தான் எங்களுக்கு இஞ்சை தங்கியிருக்க பி விசா. எட்டு வருசமாப் பார்த்துக்கொண்டிருக்கிறம். அந்தப் பாஷையிலை உமக்கு ஒரு சொல்லாவது விளங்குமோ?"

"விளங்காது. ஆனால் அவர் வாக்குக் குடுத்தது எனக்கு விளங்கின பாஷையிலை."

"உப்பிட்டவரை உள்ளளவும் நினை எண்டு…"

"அவர் இட்ட உப்பை நான் ஒவ்வொரு நாளும் மூண்டு மாடி துடைச்சுக் கழிச்சிட்டன்," என்றாள். அவன் ஆறிய தேநீரைத் திரும்ப எடுத்துக்கொண்டான். பயம் அவளுக்கும் இருந்தது. இரண்டு இரவு கணக்குப் போட்டுப் பார்த்தாள். எப்படிப் போட்டாலும் வேலை போவதாகத்தான் விடை வந்தது. அதற்குப் பிறகு போடுவதை விட்டுவிட்டாள்.

குழுவில் ஐந்து பேர். தலைவி ஓய்வுபெற்ற நீதிபதி. அவர்கள் முழங்கை ஊன்றியிருந்த நீண்ட மேசையைக் காலையில் மினுக்கியவளே தில்லைநாயகிதான். இப்போது வேலைச் சட்டையைக் கழற்றிவிட்டு, சேலைக்கு மேல் குளிர்கோட்டுடன் வந்து நின்றாள். தரை துடைத்துப் படித்த ஜெர்மனில், வேற்றுமை உருபுகள் திசைக்கொன்றாய்ப் போக, நாள், நேரம், யார் எங்கே இருந்தார், யார் என்ன சொன்னார் என்பதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். கனடாவிலிருந்து வந்திருந்த டெல்ஃபீன் சுவரோரம் இருந்தாள்.

ஆம்ஸ்டுட்ஸ் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒரேயொரு கேள்வி. இந்தச் சாட்சியத்துக்காக நீங்கள் பணம் வாங்கினீர்களா?" என்றார்.

"ஓம், வாங்கினனான்."

குழுவில் ஒருவர் பேனாவை மூடினார். பணிப்பாளர் கைகளை விரித்து, முடிந்தது என்பதுபோலத் தலைவியைப் பார்த்தார்.

"எவ்வளவு?" என்று கேட்டார் தலைவி.

"இருபத்தைஞ்சு சதம். கனடாக் காசு. அது அவையின்ரை முறை. அவர் முன்னாலைதான் தந்தவ. அவரும் பார்த்துச் சிரிச்சவர்." தில்லைநாயகி பணிப்பாளர் பக்கம் திரும்பினாள். "ஐயா, நீங்கள் எனக்கு மாதாமாதம் ஆயிரக்கணக்கிலை பிராங் தாறியள். நான் காசுக்குச் சாட்சி சொல்லுற ஆளெண்டால் உங்கட பக்கமெல்லோ நிண்டிருப்பன்?"

பேனாவை மூடியவர் திரும்பத் திறந்தார்.

"பதினாலாம் சுருளைப்பற்றிக் கதைக்கவே இல்லையெண்டு சொல்லுறார். அண்டைக்கு அந்தச் சுருளின்ரை பெட்டியை மேசையிலை வைச்சுத்தான் கதைச்சவர். கேக்கிலை இருந்த செர்ரிப் பாகு அதின்ரை லேபிளிலை சிந்திப்போச்சு. நான் ஈரத்துணியாலை துடைக்க மை ஊறிப்போச்சுது. திரும்பி வந்து பார்த்திட்டுப் பத்து நிமிசம் என்னை ஏசினவர். பிறகு தானே புது லேபிள் எழுதி ஒட்டினவர். இஞ்சை எதைத் திருத்தினாலும் திகதியும் கையெழுத்தும் வைக்கவேணுமெண்டு சட்டம். எடுப்பிச்சுப் பாருங்கோ."

தலைவி ஆளனுப்பினார். பெட்டி வந்தது. புது லேபிளின் மூலையில் பணிப்பாளரின் ஒழுங்கான சின்னக் கையெழுத்தும், 11.8.95 என்ற திகதியும் இருந்தன. பெட்டி மேசையைச் சுற்றி ஐந்து கை மாறியது. ஆம்ஸ்டுட்ஸ் தன் ஒழுங்கைத் தானே பார்த்துக்கொண்டிருந்தார். பேசியிருக்கலாம், ஆனால் மேசையில் சொல்வதற்கும் எழுத்தில் ஒப்பந்தம் செய்வதற்கும் வித்தியாசம் உண்டு என்றார் கடைசியில்.

"அப்படியானால் இப்போது எழுதுவோம்," என்றார் தலைவி.

எழுதினார்கள். குறுந்தட்டு விற்பனை அன்றோடு நிற்கும். மூன்று மாதத்துக்குள் இருபத்துமூன்று சுருளுக்கும் பிரதி போகும். பதினாலாம் சுருளைத் திறக்கவும் மூடவும் உரிமை அந்தக் குடும்பத்துக்கு. டெல்ஃபீன் கையெழுத்திட்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள், அழுவதை மறைக்காமல். ஆம்ஸ்டுட்ஸும் இட்டார். தாளைத் தில்லைநாயகியிடம் தள்ளும்போது தாழ்ந்த குரலில், "உங்கள் வேலை ஒப்பந்தம்பற்றித் திங்கட்கிழமை பேசுவோம்," என்றார்.

அது என்ன பேச்சு என்று அவளுக்கு விளங்கியது. வீட்டில் நித்தியானந்தனின் முகம் எப்படிப் போகும் என்றும் தெரிந்தது. இருந்தாலும் பேனாவை எடுத்து, சாட்சி என்று போட்டிருந்த கோட்டின் மேல், தில்லைநாயகி நித்தியானந்தன் என்று தமிழில், லிகிதர் கையெழுத்தில், உருட்டி உருட்டி நிதானமாக எழுதினாள்.

பணிப்பாளர் குனிந்து பார்த்தார். "இதை இங்கே யாராலும் வாசிக்க முடியாதே. எங்களுக்கு விளங்குகிற எழுத்தில் போடுங்கள்."

"உங்கட அலுமாரியிலை இருக்கிற இருபத்துமூண்டும் உங்களுக்கு விளங்காதுதானே, ஐயா," என்றாள் தில்லைநாயகி. பேனாவை மூடித் தாளின் மேல் வைத்தாள். "அதுக்கு டெல்ஃபீனைக் கூப்பிடவேணும். இதுக்கு என்னைக் கூப்பிடுங்கோ. வந்து வாசிச்சுக் காட்டுறன்."