நடுத்தட்டு

அண்ணனுக்குப் பரிசம் முடிவானதும் அவன் முதலில் என்னிடம்தான் சொன்னான். "மதி, நடுத்தட்டு நீதான் செய்யணும். கடையில வாங்குறது வேணாம்."

மாப்பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுபோகும் தட்டுகளில் பழமும் பலகாரமும் இருக்கும். நடுத்தட்டில் மட்டும்தான் புடவையும் வெற்றிலை பாக்கும் மஞ்சள் குங்குமமும். அதை என்னிடம் கொடுத்தான் என்பதில் எனக்கு ஒரு வாரம் தூக்கம் சரியாக வரவில்லை.

கெலாங் பாத்தாவில் ஒரு கடைவரிசையின் மாடியில் மிஸ் லிம்மின் பீங்கான் கடை இருக்கிறது. பளபளப்பு இல்லாத வெள்ளைப் பாத்திரம் ஒன்றை எடுத்து நாமே வண்ணம் தீட்டலாம். அதன் மேல் அவர் கண்ணாடிப் பூச்சுப் பூசி, சூளையில் சுட்டு, அடுத்த வாரம் தருவார். மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளியை விட்டபின் நான் வெளியே போவதையும் விட்டுவிட்டேன். சிங்கப்பூர்த் தொழிற்சாலையில் வேலை செய்யும் அண்ணனுக்கு ஞாயிறு ஒருநாள்தான் ஓய்வு. அந்த நாளை எனக்குக் கொடுத்து அங்கே கூட்டிப்போனான். ஏன் படிப்பை நிறுத்தினாய் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. நான் தீட்டுவேன். அவன் எதிரே உட்கார்ந்து போனில் பந்து விளையாட்டுப் பார்ப்பான். எனக்கு அது போதும்.

தட்டு செய்யப்போன ஞாயிறன்று பிரவீனாவும் வந்தாள். அண்ணன் கட்டிக்கொள்ளப் போகிற பெண். லாயாங் லாயாங்கில் வீடு. நான் இன்னும் அவளை அண்ணி என்று கூப்பிடவில்லை.

"மதி, நீ பெரிய ஆர்ட்டிஸ்ட்டாம். உங்கண்ணன் ஒரே பெருமை. எனக்கும் கத்துக் குடு லா," என்றாள்.

நான் தலையாட்டினேன்.

"இவ பேசவே மாட்டாளா, நாதன்?"

"பேசுவா. மழை மாதிரி. எப்ப வரும்னு சொல்ல முடியாது."

இருவரும் சிரித்தார்கள். அண்ணன் என்னைக் கேலி செய்வது புதிதல்ல. இன்னொருத்தியைச் சிரிக்கவைக்க என்னைக் கேலி செய்தது அதுதான் முதல்முறை.

நான் பெரிய வட்டத் தட்டை எடுத்தேன். அவளும் அதேபோல் ஒன்றை எடுத்தாள்.

"நாதன், நடுத்தட்டு நான் செஞ்சா எப்படி? பொண்ணே செஞ்சதுன்னு சொன்னா ஊரே பேசும்!"

அண்ணன் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "ரெண்டு பேரும் செய்ங்க. எது நல்லா வருதோ அது நடுவுல."

"அலமாக்! போட்டியா?" அவளுக்கு விளையாட்டாக இருந்தது.

எனக்குக் கொடுத்ததைத் திரும்ப வாங்கி, மேசை நடுவில் வைத்து, ஓடிப்போய் எடு என்று சொன்னதுபோல் இருந்தது எனக்கு.

நான் விளிம்பு முழுக்க வெற்றிலைக் கொடி தீட்டினேன். ஒவ்வோர் இலைக்கும் மூன்று தடவை வண்ணம் ஏற்ற வேண்டும். ஒருமுறையோடு விட்டால் சுட்டபின் தூரிகைக் கோடு தெரியும். அவள் ஒரே இழுப்பில் அப்பிக்கொண்டு போனாள். வண்ணம் மேசையில் சொட்டியது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பிறகு அவள் தட்டைத் திருப்பி அண்ணனுக்குக் காட்டினாள். நீலக் கடல், அதன்மேல் கோணலாக, சிங்கப்பூருக்குப் போகும் இரண்டாம் பாலம். பாலத்தில் ஒரு மோட்டார் சைக்கிள். அதில் மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட ஆள், பையை முதுகில் போடாமல் மார்பில் மாட்டியிருந்தான்.

"ஏய், இது நானா! பைகூட முன்னால இருக்கு பாரு!" அண்ணன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். என் கொடியைக் காட்டியபோது அவன் போனிலிருந்து முழுக்கக் கண்ணெடுக்காமல்தான் "நல்லாருக்கு" என்றிருந்தான்.

விடிவதற்கு முன் அவன் வேலைக்குப் புறப்படும்போது கேட்டைத் திறந்துவிடுவது நான். மார்பில் பை மாட்டியபடி அவன் போவதைத் தினமும் பார்ப்பவள் நான். அதை வரையலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

தேத்தண்ணீர் வாங்கிவரலாம் என்று இருவரும் கீழே போனார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் அவன் சட்டைக் காலரை நேராக்கிவிட்டாள். அவன் குனிந்து கொடுத்தான். என் கை பின்னலைத் திருகிக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா தலை நிறையத் தேங்காயெண்ணெய் வைத்துப் பின்னிவிடுவாள்.

நான் அவள் தட்டை எடுத்தேன். கட்டைவிரல் கடலின் மேல், மற்ற விரல்கள் பின்புறம். குறை தேடினேன். நிறைய இருந்தது. பாலம் சாய்ந்திருந்தது. சக்கரம் வட்டமாக இல்லை. அந்த ஆளிடம் மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை; முகமே இல்லாமலும் அது அண்ணன்தான். படியில் சத்தம் கேட்டதும் வைத்துவிட்டேன். மிஸ் லிம் இரண்டு தட்டுகளையும் உள்ளே கொண்டுபோனார்.

அடுத்த ஞாயிறு மிஸ் லிம் அவற்றை மேசைமேல் வைத்தார். என் கொடி ஈரம்போல் மின்னியது. பிரவீனாவின் கடல் ஓரத்தில் மட்டும் ஒரு முட்டை வடிவத் திட்டு, சாக்கட்டிபோல் வெளுத்து மங்கிக் கிடந்தது.

"மின்யாக்," என்றார் மிஸ் லிம். எண்ணெய்க் கையோடு யாரோ பிடித்திருக்கிறார்கள், அந்த இடத்தில் பூச்சு ஒட்டவில்லை என்று மலாயில் விளக்கினார். மஞ்சளோ குங்குமமோ பட்டால் அங்கே கறை ஏறிவிடும், பிறகு போகாது என்றார்.

பிரவீனா தன் கட்டைவிரலை அதில் வைத்துப் பார்த்தாள். "என் விரல் இல்ல இது. எனக்குப் பெருசு."

அண்ணன் என் பின்னலைப் பார்த்தான். முகத்தைப் பார்க்கவில்லை.

"மதி, கையக் குடு," என்று பிரவீனா என் விரலைப் பிடித்து அந்தத் திட்டின்மேல் வைத்தாள். சரியாக இருந்தது.

"வேணும்னு செஞ்சியா?" அண்ணன் மெதுவாகக் கேட்டான்.

"இல்ல."

"அப்புறம் எதுக்கு எடுத்த?"

"பாக்க."

"எவ்ளோ நேரம் பாத்த?" பிரவீனாதான் கேட்டாள்.

"நீங்க மேல வர்ற வரைக்கும்."

"அவ்ளோ நேரமா! உங்கண்ணன்கூட அப்படிப் பாக்கல லா." அவள் சிரித்தாள். "சரி, நீ ஜெயிச்சிட்ட. நடுத்தட்டு உன்னோடதுதான்."

அவள் திட்டியிருந்தால் அண்ணன் எனக்காக ஒரு வார்த்தை பேசியிருப்பான். அவள் சிரித்ததால் அவன் அவளைத்தான் பார்த்தான். நான் இதுவரை பார்க்காத ஒரு பார்வை.

பரிசத்தன்று என் தட்டு நடுவில் இருந்தது. ராஜம்மா அத்தை அதில் வாழையிலை போட்டு, புடவையை வைத்து, வெற்றிலையை அடுக்கினார். "விளிம்பு வரைக்கும் வை. காலியா தெரியக்கூடாது." என் கொடியில் ஓர் இலைகூட வெளியே தெரியவில்லை. வந்தவர்கள் குனிந்து புடவைக் கரையைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பிறகு பெரியவர்கள் தட்டு மாற்றிக்கொண்டார்கள். தட்டு மாற்றுவது என்ற பேச்சை எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறேன். நடுவில் வைக்கும் தட்டு அங்கேயே தங்கிவிடும் என்பது மட்டும் எனக்கு உறைக்கவே இல்லை. என் தட்டு பிரவீனாவின் அம்மா கைக்குப் போனது. எங்களுக்கு அவர்கள் வீட்டு எவர்சில்வர் தட்டு வந்தது.

எதையும் வைக்கமுடியாத அவள் தட்டு எங்கள் வீட்டில்தான் இருந்தது. திரும்பி வந்ததும் அண்ணன் வேட்டிகூட மாற்றாமல் சுத்தியலைத் தேடினான். தன் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஆணியடித்து, கம்பியில் அதைத் தொங்கவிட்டான்.

"மதி, நேரா இருக்கா பாரு."

நேராகத்தான் இருந்தது.

"இடப்பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கு," என்றேன்.

அவன் தூக்கினான். "இப்ப?"

"இன்னும் கொஞ்சம்."