மூன்று பேருக்கும் சேர்த்து

கலைமணி இறந்து நாற்பது நாள் ஆகியும் வேலைக்கு வருவதை நிறுத்தவில்லை. இதைச் சொன்னால் என் கணவர் ஜெயப்பிரகாஷ் சிரிப்பார். அவர் எங்கள் அலுவலகத்தைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால், செத்தவர்கள் வேலை பார்க்க அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது என்று அவரே சொல்லியிருப்பார்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில் இருக்கிறது அந்தத் தனியார் கம்பெனி. பழைய பத்திரங்களை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றுகிறோம். கட்டைப் பிரி, குண்டூசியைக் கழற்று, தாளை நீவு, ஸ்கேனரில் வை, எண்ணை அடி. எம்.எஸ்சி. தாவரவியல் படித்துவிட்டு ஆறு வருடமாக நான் குண்டூசி கழற்றினேன். அங்கே இருந்த ஒரே சந்தோஷம் நாங்கள் மூன்று பேர்தான். நானும் ப்ரீத்தியும் சிதம்பரம். கலைமணி குமராட்சியிலிருந்து மினி பஸ்ஸில் சிதம்பரம் வந்து, அங்கே கடலூர் பஸ் மாறுவாள்.

ஒன்பதரைக்கு மேல் வந்தால் அரை நாள் போச்சு. சிதம்பரம் பஸ்ஸை நம்பி எவள் ஒன்பதரைக்கு வந்து சேர முடியும்? அதனால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. முதலில் வருபவள் வருகைப் பதிவேட்டில் மூன்று பேருக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுவாள். மேனேஜர் சபாபதி சாருக்கும் தெரியும், கண்டும் காணாமல் இருப்பார். ஒருத்தி கையெழுத்து மற்றவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் யார் போட்டது என்று எங்களுக்கு மட்டும் தெரியும். கலைமணி பேனாவை அழுத்துவாள், தாளின் பின்பக்கம் புடைத்துக்கொண்டு நிற்கும்.

எங்களில் முதலில் வேலையை விடப் போவதாகச் சொன்னவளும் அவள்தான். ராஜினாமா கடிதத்தை எழுதி டிராயரிலேயே வைத்திருந்தாள்.

"தேதியும் கையெழுத்தும்தாண்டி பாக்கி. தை பொறக்கட்டும், குடுத்துடறேன்" என்பாள். தை பிறந்தது. "பையன் பத்தாவது முடிக்கட்டும்" என்றாள். பையனும் முடித்தான். "ஆடி மாசத்துல எவளாவது வேலைய விடுவாளா?" என்றாள். ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்தது. ஐந்தே நாளில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

நான் மட்டும் என்ன யோக்கியம்? சிதம்பரத்திலேயே ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கொழுந்தன் கல்யாணம் முடியட்டும் என்று இழுத்துக்கொண்டிருந்தேன்.

கலைமணியின் பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுக்க ஹெட் ஆபீஸுக்குக் கடிதம் போக வேண்டுமாம். யாரும் எழுதவில்லை. பெயர் அப்படியே நின்றது. அவளுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், ஷட்டரைத் திறந்தது நான். பீரோவைத் திறந்து பதிவேட்டை எடுத்ததும் நான்தான். அன்றைய தேதியில், கலைமணியின் கட்டத்தில் கையெழுத்து இருந்தது. தாளைத் திருப்பித் தடவினேன். புடைத்திருந்தது.

அவள் மேஜையில் ஒரு கட்டு பிரிந்து கிடந்தது. கழற்றிய குண்டூசிகள் விளிம்பில் வரிசையாக, தலையெல்லாம் ஒரே பக்கமாக இருந்தன. அவளைத் தவிர வேறு யாருக்கும் அவ்வளவு பொறுமை கிடையாது.

ப்ரீத்தி வந்ததும் காட்டினேன். முகம் வெளுத்தது. ஆனால் அவள் கெட்டிக்காரி.

"பழக்க தோசத்துல நாமளே போட்டுட்டு மறந்துருப்போம்டி. யார்கிட்டயும் சொல்லாத. அவ கட்டும் பிரிஞ்சி கெடக்கு, நமக்கு வேல கம்மிதான?"

அதற்கப்புறம் தினமும் அது நடந்தது. நாங்களும் பழகிவிட்டோம். அதை நினைத்தால்தான் இப்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை எனக்குப் போக மனசு வரவில்லை. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் மூன்று கடலூர் பஸ்ஸைப் போக விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன். லீவும் சொல்லவில்லை. ப்ரீத்தியும் அன்று குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று வரவில்லை. மறுநாள் திட்டு வாங்கத் தயாராகப் போனால், சபாபதி சார் சிரித்த முகமாக எதிரில் வந்தார்.

"நேத்து ஜாஸ்தி கட்டு முடிச்சிட்டீங்களே இலக்கியா. நான் கூப்புட்டுக்கூடத் தலைய நிமுத்தல."

"நேத்தா சார்?"

"உங்க சீட்லதான். ஏன், ஒடம்பு சரியில்லியா?"

பதிவேட்டைப் புரட்டினேன். திங்கட்கிழமைக் கட்டங்களில் மூன்று பேரின் கையெழுத்தும் இருந்தது. தாளைத் திருப்பினேன். மூன்றுமே புடைத்திருந்தன.

முதலில் அழுகைதான் வந்தது. பாவி, செத்த பிறகும் எங்கள் அரை நாளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள். அப்புறம்தான் என் சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். என் சீட்டில் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தது யார்? நான் வீட்டில் இருக்கும்போதே அங்கேயும் இருக்கிறேன் என்றால், செத்தாலும் அங்கேதான் இருப்பேன். கொழுந்தனாவது கல்யாணமாவது!

ஒரு வெள்ளைத் தாளில் நாலே வரியில் ராஜினாமா எழுதினேன். பிறகு கலைமணியின் டிராயரைத் திறந்தேன். அவள் கடிதம் இருந்தது. அன்றைய தேதியைப் போட்டேன். அவள் கையெழுத்தை, எத்தனையோ காலை நேரங்களில் போட்டதுபோல், கடைசியாக ஒரு தடவை போட்டேன்.

சபாபதி சார் இரண்டையும் வாங்கிப் படித்தார். இறந்து நாற்பது நாளானவள் இன்றைய தேதியில் எப்படி எழுதினாள் என்று அவர் கேட்கவில்லை. இத்தனை நாளும் அந்த மனிதரும் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"ரெண்டையும் ஒரே கவர்ல அனுப்பிடறேன். நோட்டீஸ்லாம் வேணாம்மா. சாவியக் குடுத்துட்டு இன்னியோட கெளம்பு."

ப்ரீத்தியையும் எழுதச் சொன்னேன். "நீ போ, நான் பாத்துக்கறேன்" என்றாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து சிதம்பரம் வரைக்கும் தூங்கினேன். அப்படித் தூங்கி வருடக் கணக்காகியிருந்தது.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். வீட்டில் அரிசி களைந்துகொண்டிருந்தபோது ப்ரீத்தி போன் செய்தாள்.

"கலைமணி கட்டம் காலிடி! காரியத்துக்கப்பறம் மொதோ தடவ காலி. உன்னோடதும் காலி."

"அப்பாடா" என்றேன். நிஜமாகவே கண் கலங்கியது. கலைமணி வீட்டுக்குப் போய்விட்டாள்.

"அப்பறம், தேங்க்ஸ்டி. பஸ்ஸு ரயில்வே கேட்டுல மாட்டிக்கிச்சு, இப்பதான் உள்ள வரேன். நல்லவேள, எனக்குப் போட்டுட்ட. இன்னா விசயமா வந்த? வந்தவ இருந்துட்டுப் போவக் கூடாதா?"

ஈரக் கையோடு அப்படியே நின்றேன். அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். வந்தது. ப்ரீத்தியின் கட்டத்தில் அவள் கையெழுத்து இருந்தது. கட்டத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு கீறல். கையெழுத்துப் போடும் முன் பேனா எழுதுகிறதா என்று அப்படிக் கீறிப் பார்ப்பது எங்களில் நான் ஒருத்திதான்.

"ப்ரீத்தி, நான் சொல்றத அப்படியே செய்டி. உடனே உக்காந்து ரெண்டு லெட்டர் எழுது. ஒண்ணு ஒனக்கு. ஒண்ணு எனக்கு. என் கையெழுத்த நீயே போட்டு சார்கிட்ட குடு."

"நீதான் நேத்தே குடுத்துட்டியே?"

"நான் குடுத்தது பத்தல. கலைமணிக்கு நான் குடுத்த மாதிரி, எனக்கு நீ குடுக்கணும். குடுத்துட்டு நீயும் கெளம்பிடுடி, ஒன் கால்ல விழறேன்."

போனில் அவள் செருப்புச் சத்தம் நகர்ந்து போய் நின்றது. அவள் என் மேஜையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்று தெரிந்தது.

"எழுதறேண்டி, கண்டிப்பா எழுதறேன்" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "மார்கழி மட்டும் போவட்டும்."

மார்கழி பிறக்கவே இன்னும் ஐந்து நாள் இருந்தது.